இரண்டு நிழல்

1

மணலூர்பேட்டை கடைத்தெருவில் இருபது வருடங்களாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், காதுகுத்து ஃப்ளெக்ஸ், கருமாதிக்கு மாலை போட்ட படம். திருவண்ணாமலைக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் ஊர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் ஆற்றுத் திருவிழாவால்தான். தை ஐந்தாம் தேதி அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக இங்கே ஆற்றுக்கு வருவார். அன்றைக்கு என் கடை வாசலில் குடும்பப் படம் எடுக்க வரிசை நிற்கும். மற்ற நாட்களில் நிதானமான தொழில்.

ராத்திரியில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு கோள்களைப் படமெடுக்கிறேன். பெங்களூரில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. அதோடு ஒரு மோட்டார் தாங்கி, கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமரா, கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் அதே லேப்டாப். வீட்டில் இதற்குப் பெயர் ‘சனி புடிச்ச வேலை’. சொல்லப்போனால் சரியான பெயர்தான். நான் அதிகம் எடுத்தது சனியைத்தான்.

2022 பிப்ரவரியில், கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, தேசிய அறிவியல் தினத்துக்காகப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் கண்காட்சி வைத்தார்கள். என் படங்களைக் கேட்டார்கள். சனியை மூன்றடிக்கு இரண்டடி ஃப்ளெக்ஸாகப் போட்டு எடுத்துப்போனேன். நான் எடுத்ததிலேயே அழகான படம் அது. வளையத்துக்கு நடுவே காசினி இடைவெளி கறுப்பு நூல் மாதிரி சுற்றிவரும். கோளின் மேல் வெளிர் மஞ்சள் பட்டைகள். தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்தினார். ‘நம்ம மணலூர்பேட்டையிலிருந்து எடுத்தது’ என்று மைக்கில் இரண்டு முறை சொன்னார்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். இவள் மட்டும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனதும் கேட்டாள்.

“சார், இந்த வளையத்து மேல கறுப்பா இருக்கே, அது என்ன?”

“சனியோட நிழல்மா. சூரிய வெளிச்சம் கோள் மேல படுது இல்ல, அதோட நிழல் பின்னாடி வளையத்துல விழுது.”

“அந்தப் பக்கமும் இருக்கே சார்.”

பார்த்தேன். இருந்தது.

“ரெண்டு பக்கமும் நிழல் விழுதுன்னா, சனிக்கு ரெண்டு சூரியனா சார்?”

சுற்றிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். பொன்னாடை இன்னும் தோளில்தான் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், “அது வெளிச்சம் செதறுறதால அப்படித் தெரியுதும்மா.” அவள் தலையாட்டினாள். பிறகு நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.

படத்தில் செய்த தப்பைவிட அந்த நோட்டில் ஏறிய வரிதான் என்னை நான்கு வருடங்களாகத் தொந்தரவு செய்கிறது. அதை யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு படம் எந்த இடத்தில் பொய்யாகிறது?

2

எப்படி எடுக்கிறோம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் குற்றத்தின் அளவு புரியாது.

வளையங்களையும் சேர்த்தால்கூட சனி வானத்தில் நாற்பது ஆர்க்நொடி அகலம்தான். ஒரு ரூபாய் நாணயத்தை நூறு மீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது மாதிரி. அதையும் தெளிவாகப் பார்க்க விடாமல் நடுவில் காற்று இருக்கிறது. பெண்ணையில் தண்ணீர் ஓடும்போது முழங்கால் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்த்திருப்பீர்கள். நெளியும், உடையும், இரண்டாகப் பிரியும். திடீரென்று ஒரு கணம் தண்ணீர் நிலைத்து, கல் அதன் கோடுகளோடு அப்படியே தெரியும். அடுத்த கணம் மறுபடி நெளியும். தொலைநோக்கியில் சனி தெரிவதும் இப்படித்தான். எங்கள் ஊரில் சாயங்காலம் ரொம்ப மோசம். பகல் முழுக்க வாங்கிய வெயிலை மொட்டை மாடித் தளமும் ஆற்று மணலும் இரவு வெகுநேரம் வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். கோள் கொதிக்கும் பாலில் மிதக்கிற மாதிரி இருக்கும். விடிவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் எங்களுக்கு நல்ல நேரம்.

அந்த நிலைத்த கணத்தைப் பிடிக்க ஒற்றைப் படம் போதாது. அதனால் வீடியோ எடுக்கிறோம். மூன்று நிமிடத்தில் ஏழாயிரம் ஃப்ரேம் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை நெளிந்த கல். ஏதோ சில நூறில் தண்ணீர் நிலைத்திருக்கும். இப்படி நல்ல கணங்கள் எத்தனை முறை வாய்க்கும் என்பதை 1978ல் டேவிட் ஃபிரைட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கணக்கிட்டுக் காட்டினார். ஆடி பெரிதாகப் பெரிதாக அதிர்ஷ்டம் குறையும் என்பது அந்தக் கணக்கு. எட்டு அங்குலம் வைத்திருக்கும் ஏழைக்கு அதில் ஒரு ஆறுதல் உண்டு.

ஃப்ரேம்களைப் பொறுக்குவது கணினியின் வேலை. கோர் பெர்ரவூட்ஸ் எழுதிய ரெஜிஸ்டாக்ஸ், எமில் கிராய்காம்ப் எழுதிய ஆட்டோஸ்டாக்கர்ட் என்று இரண்டு இலவச மென்பொருள்கள். இரண்டையும் எழுதியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். உலகம் முழுக்க மொட்டை மாடிகளில் உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும் கூர்மையை வைத்து வரிசைப்படுத்தும். மேலே இருக்கும் பத்து சதவீதத்தை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணும். மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சமும் குப்பைக்கு. பிறகு அடுக்கிய படத்தை நாங்கள் கூர்மையாக்குவோம். அப்போதுதான் காசினி இடைவெளி எழுந்து வரும்.

வாடிக்கையாளர்களிடம் இதை விளக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி வரும். “அப்போ இது நெஜ போட்டோ இல்லியா?”

அந்தக் கணினித் திரையில் இருக்கும் சனியை யாரும், எப்போதும், எந்தக் கண்ணாலும் பார்த்ததில்லை. உண்மைதான். ஆனால் நான் அவர்களிடம் சொல்லும் பதில் இது. காற்றின் நடுக்கம் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு பக்கம் இழுக்கும். கோள் மட்டும் எல்லா ஃப்ரேமிலும் ஒன்றேதான். எழுநூறை அடுக்கினால் நடுக்கங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பொதுவாக இருப்பது மிஞ்சும். ஒரு விபத்தைப் பார்த்த எழுநூறு சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிப்பது மாதிரி. ஆளாளுக்கு ஒன்றைத் தப்பாகச் சொல்வார்கள். ஆனால் லாரி எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது தெரிந்துவிடும்.

இந்தப் பதிலில் ஒரு ஓட்டை உண்டு என்பதைப் பின்னால்தான் கண்டுபிடித்தேன். கேமராவின் சில்லில் ஒரு தூசி ஒட்டியிருந்தால்? அது ஏழாயிரம் ஃப்ரேமிலும் இருக்கும், நடுங்காது. தாங்கி ரொம்பத் துல்லியமாகப் பின்தொடர்ந்தால் கோளின் மேல் அதே இடத்திலேயே நிற்கும். அடுக்க அடுக்க மங்காமல் இன்னும் அழுத்தமாகும். எழுநூறு சாட்சிகளும் ஒரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தால் எழுநூறு என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு? சாட்சிகளின் எண்ணிக்கையைப் பெருக்கினால் தற்செயலான பிழை போகும். கண்ணாடியின் பிழை போகாது.

3

இனி என் விஷயம்.

2021 அக்டோபரில் ஒரு இரவு, மழை பெய்து ஓய்ந்த பிறகு, காற்று அசையாமல் நின்றது. நான் அதுவரை பார்த்திராத சனி. பதிவை ஓடவிட்டு, ஒரு போன் வந்ததால் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது பதிவு முடிந்திருந்தது. தாங்கியைத் துருவத்துக்கு நேராகச் சரியாக வைக்காததால் கோள் மெல்ல நகர்ந்து, ஒரு பக்க வளையம் ஃப்ரேமுக்கு வெளியே போயிருந்தது. அடுத்த பதிவு போடுவதற்குள் மேகம் மூடிவிட்டது.

கையில் இருந்தது அற்புதமான முக்கால் சனி.

அதே வருடம் மே மாத விடியலில் எடுத்த ஒரு படம் என்னிடம் இருந்தது. அதில் வளையம் நன்றாக வந்திருந்தது. இருபது வருடம் ‘டச்சிங்’ செய்த கை. குழு போட்டோவில் கண் மூடியவருக்கு வேறு படத்திலிருந்து கண் எடுத்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வர முடியாத துபாய் அண்ணனை மணமேடையில் நிற்கவைத்திருக்கிறேன். மே மாத வளையத்தின் ஒரு கையை, ஒட்டுத் தெரியாமல் இருக்கக் கோளின் விளிம்போடு சேர்த்து வெட்டி, கொஞ்சம் சாய்த்து, அக்டோபர் சனியில் பொருத்தினேன். பத்து நிமிட வேலை.

சனி சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாளை வைத்து அதன் நிழல் பக்கம் மாறும் என்பது எனக்குத் தெரியும். அந்த நாளுக்கு முன்பு கோளின் நிழல் வளையத்தில் ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும், அதற்குப் பிறகு மறுபக்கம். 2021ல் அந்த நாள் ஆகஸ்ட் 2. மே மாதத்து நிழல் ஒரு பக்கம், அக்டோபர் நிழல் இன்னொரு பக்கம். தெரிந்திருந்தும் தோன்றவில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தபோது புத்தி அழகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு எட்டாம் வகுப்புப் பெண் அழகைப் பார்க்காமல் சனியைப் பார்த்தாள்.

ஆரம்பத்தில் எனக்கு நானே வாதாடினேன். இரண்டு பாதியும் உண்மையான சனிதானே? இரண்டும் என் மொட்டை மாடியில் என் கேமராவுக்குள் வந்த வெளிச்சம்தானே? ஆறாயிரம் ஃப்ரேமைத் தூக்கிப் போடுவது நியாயம் என்றால், ஒரு கையை மாற்றி வைப்பது மட்டும் எப்படி அநியாயம்? வேறு வேறு நேரத்து ஃப்ரேம்களை அடுக்குவதுதானே எங்கள் முறையே?

இந்த வாதம் லேசுப்பட்டது இல்லை. இதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் கிடைத்தது இதுதான். மென்பொருள் ஃப்ரேம்களைப் பொறுக்கும்போது அதற்குச் சனி என்றால் என்னவென்று தெரியாது. வளையம் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்கு ஆசை கிடையாது. கூர்மையா, இல்லையா, அவ்வளவுதான் அதன் கேள்வி. நான் வளையத்தை ஒட்டியபோது படம் எப்படி முடிய வேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த முடிவுக்கு வேண்டியதைத்தான் தேடி எடுத்தேன். பொறுக்குவது பொய் இல்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு பொறுக்குவதுதான் பொய்.

4

இப்படிச் சொல்லும்போது நேர்மையாகத் தப்பு செய்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. வானியல் வரலாறு அவர்களால் நிறைந்தது.

முதல் ஆள் கலிலியோதான். 1610ல் சனியைப் பார்த்தபோது அவர் கருவியில் வளையம் வளையமாகத் தெரியவில்லை. நடுவில் பெரிய உருண்டை, இரண்டு பக்கமும் சின்ன உருண்டைகள். அப்படியே எழுதினார். 1612ல் பார்த்தால் பக்கத்து உருண்டைகளைக் காணோம். அதையும் குழப்பத்தோடு அப்படியே எழுதினார். வளையத்தின் விளிம்பு பூமிக்கு நேராகத் திரும்பும்போது அது கண்ணுக்கு மறைந்துபோகும் என்பது 1659ல் ஹைகன்ஸ் விளக்கிய பிறகுதான் புரிந்தது. ஹைகன்ஸுக்குக் கலிலியோவின் தப்பான சித்திரம் பயன்பட்டது. உருண்டைகள் மறைந்ததைக் கலிலியோ மறைத்திருந்தால் பயன்பட்டிருக்காது.

நம்மூர்க் கதை ஒன்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் இயக்குநர் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். 1852ல் சனியின் உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கண்டவர்களில் அவரும் ஒருவர். அத்தனை கூர்மையான பார்வை. அதே மனிதர் 1855ல், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் நகர்வில் ஒரு பிசகைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கோள் உண்டு என்று வானாய்வகத்திலிருந்து எழுந்த மிகப் பழைய குரல்களில் ஒன்று சென்னையிலிருந்து எழுந்தது. அது தப்பு. அந்தக் கோள் இல்லை. ஆனால் ஜேக்கப் தன் அளவீடுகளையும் வைத்தார், வாய்ப்பு என்ற சொல்லையும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்து ஒதுக்க முடிந்தது.

இன்னும் பக்கத்தில், திருவண்ணாமலையைத் தாண்டி வடக்கே போனால் ஜவ்வாது மலையில் காவலூர். 1977 மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த நட்சத்திரத்தின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்கும் முன்பே ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கிறது என்று அதைப் புரிந்துகொண்டு வெளியிட்டார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் தொலைநோக்கியோடு பறந்த எலியட் குழுவினர் பல சரிவுகளை, கோளின் இருபுறமும் பார்த்தார்கள். அது துணைக்கோள் இல்லை, வளையம். சனிக்கு மட்டும்தான் வளையம் என்று மூன்று நூற்றாண்டுகளாக நம்பியிருந்தது அன்றோடு முடிந்தது. காவலூரின் விளக்கம் தப்பாகப் போனது, பதிவு தப்பாகப் போகவில்லை. அந்தச் சரிவை யாரும் தொடவில்லை என்பதால் புதிய விளக்கத்துக்கும் அது சாட்சியாக நின்றது.

இதற்கு நேர்மாறு பெர்சிவல் லோவல். செவ்வாயில் கோடுகள் இருப்பதாக 1877ல் ஸ்கியாபரெல்லி சொன்னார். 1894ல் அரிசோனாவில் சொந்தக் காசில் வானாய்வகம் கட்டிய லோவல், அவை செவ்வாய்வாசிகள் வெட்டிய கால்வாய்கள் என்று நம்பி ஆயுள் முழுக்க வரைந்தார். அவர் பொய்யர் இல்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 1903ல் லண்டன் கிரீனிச்சில் மாண்டர் ஒரு சோதனை செய்தார். கோடே இல்லாத, சிதறிய புள்ளிகளும் திட்டுகளும் கொண்ட படத்தைப் பள்ளிச் சிறுவர்களுக்குத் தள்ளி வைத்துக் காட்டி வரையச் சொன்னார். நடுவில் உட்கார்ந்த சிறுவர்கள் கோடுகளை வரைந்தார்கள். மங்கலாகத் தெரிவதைக் கண் தானாகவே இணைத்துவிடுகிறது. 1909ல் பாரிஸ் அருகே மெதோனில் பெரிய தொலைநோக்கியில் பார்த்த ஆண்டோனியாடிக்கு அந்தக் கோடுகள் தனித்தனிப் புள்ளிகளாக உடைந்து தெரிந்தன. 1965ல் மரைனர் 4 பக்கத்தில் போய்ப் பார்த்தபோது இருந்தவை பள்ளங்கள்.

லோவலின் கண்ணில் இருந்த கால்வாயும் என் கேமரா சில்லில் இருந்த தூசியும் ஒன்றுதான். ஆசை என்பது எல்லா ஃப்ரேமிலும் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும் தூசி. எத்தனை இரவு பார்த்தாலும் போகாது, அழுத்தமாகத்தான் ஆகும். அதைக் கண்டுபிடிக்க வேறொரு கண் வேண்டும். மாண்டருக்குச் சிறுவர்கள் கிடைத்தார்கள். எனக்கு ஒரு பெண் கிடைத்தாள், நான் அவளைத் தட்டிக்கழித்தேன்.

5

அமெச்சூர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2009 ஜூலை 19ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஆண்டனி வெஸ்லி என்பவர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தென் துருவத்தின் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. முதலில் அவர் அதை நம்பவில்லை. துணைக்கோளின் நிழலா என்று பார்த்தார். கோளோடு சேர்ந்து சுழல்கிறதா என்று பார்த்தார். இரண்டு நாள் முந்தைய தன் படத்தில் அதே இடத்தைத் தேடினார். எல்லாம் முடிந்த பிறகுதான் மின்னஞ்சல் அனுப்பினார். ஹவாயில் நாசாவின் பெரிய தொலைநோக்கி வியாழன் பக்கம் திரும்பியது. ஏதோ ஒன்று வியாழனில் மோதிய தழும்பு அது. ஒருவேளை அவர் என்னைப் போல வளையம் ஒட்டுகிற ஆளாக இருந்து, அது ஏற்கனவே ஊருக்குத் தெரிந்திருந்தால், அந்த மின்னஞ்சலை யார் திறந்திருப்பார்கள்? அவருக்கு முந்தைய ஆயிரம் சாதாரணப் படங்களில் சம்பாதித்த நம்பிக்கைதான் அந்த ஒரு படத்துக்குச் செலவானது.

ஆனால் எனக்கு இது உறைத்தது வியாழனால் இல்லை. என் கடையில்.

பள்ளிக் கண்காட்சி முடிந்து சில மாதம் இருக்கும். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் பைக் விபத்தில் இறந்திருந்தான். முப்பதாம் நாள் படையலுக்குப் பெரிய படம் வேண்டும். கையில் இருந்தது அடையாள அட்டையின் ஜெராக்ஸிலிருந்து போனில் எடுத்த ஒரு படம். முகம் என்று சொல்லும்படி இருபது முப்பது புள்ளிகள். செயற்கை நுண்ணறிவில் முகத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்றை அப்போதுதான் கடையில் போட்டிருந்தேன். அதில் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் இமை முடிவரை தெளிவான ஒரு இளைஞன் திரையில் வந்தான். நல்ல முகம். நான் திருப்தியோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “யாரு தம்பி இது?” என்றார்.

“உங்க பையன்தான்மா. படத்தத் தெளிவு பண்ணியிருக்கேன்.”

“நல்லாத்தான் இருக்குறான் புள்ள. ஆனா இவன் என் புள்ள இல்ல. கண்ணு அவனுது இல்ல.”

அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. அந்தச் செயலி அவர் மகனைப் பார்த்ததே இல்லை. அது பார்த்திருந்தது லட்சக்கணக்கான மற்ற முகங்களை. இருபது புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அந்த முகங்களிலிருந்து எடுத்து நிரப்பிவிட்டது. அடுத்த வருடம், 2023ல், ஒரு பெரிய நிறுவனத்தின் கைப்பேசியைப் பற்றி ஒரு செய்தி வந்தது. நிலவின் படத்தை ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கித் திரையில் வைத்து, அதை அந்தக் கைப்பேசியால் படமெடுத்திருக்கிறார். மங்கலான படத்தில் இல்லாத பள்ளங்கள் கைப்பேசிப் படத்தில் வந்தன. நிலவு எப்படி இருக்கும் என்று அதற்கு முன்பே தெரியும். கேட்பதற்கு முன்பே விடையை வைத்திருக்கும் கேமரா.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது செய்ததைத்தான் நான் அக்டோபர் சனிக்குச் செய்திருந்தேன். தெரியாத இடத்தைத் தெரிந்ததை வைத்து நிரப்பினேன். சனிக்குக் கண்ணு அதுனுது இல்லை என்று சொல்ல ஒரு தாய் இல்லை. அந்த வேலையை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் செய்தாள்.

அந்த அம்மாவுக்குக் கடைசியில் என்ன கொடுத்தேன் என்றால், அதே மங்கல் படத்தைத்தான். ஜெராக்ஸின் கோடுகளை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணை, மூக்கை, உதட்டைத் தொடாமல், தாங்குகிற அளவுக்கு மட்டும் பெரிதாக்கினேன். கோடு ஜெராக்ஸ் மெஷினுடையது, பையனுடையது இல்லை. அதை எடுக்கலாம். சனியில் காற்றின் நடுக்கத்தை எடுப்பது மாதிரி. அதற்கு மேல் என் கைக்கு உரிமை இல்லை. படத்தை வாங்கிக்கொண்டு, “மங்கலா இருந்தாலும் அவன்தான்” என்றார். காசு எவ்வளவு என்று கேட்டார். நான் வாங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வாங்கினேன்; லேமினேஷனுக்கும் ஃப்ரேமுக்கும் மட்டும்.

6

இதையெல்லாம் ஒரு கொள்கையாக நீட்டினால் என் தொழிலே நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். “கொஞ்சம் கலரா ஆக்கிடுங்கண்ணா” என்று பெண் வீட்டார் கேட்கும்போது எத்தனையோ முகங்களை வெளுத்திருக்கிறேன். துபாய் அண்ணன் மணமேடையில் நிற்பதில் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. அவர் வரவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு குடும்பத்தின் ஆசையைச் சுவரில் மாட்டுவது. வெளுத்த முகம் அப்படி இல்லை. அதை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள், அங்கே ஒருவர் அதை நம்புவார். அந்தப் பெண்ணுக்கும் தன் நிறம் போதாது என்று நான் சொன்னதாக ஆகிறது. இப்போது பெண் பார்க்கும் படங்களில் நிறத்தைத் தொடுவதில்லை. இரண்டு மூன்று வாடிக்கைகள் போய்விட்டன. கல்யாண ஆல்பத்தில் இன்னும் தொடுகிறேன். முழுக்கத் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு டச்சிங்.

நிறம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஆறு இங்கிருந்து நேராகப் போவது திருக்கோவிலூருக்கு. அங்கே ஆற்றுக்கு நடுவே கபிலர் குன்று இருக்கிறது. அந்தக் கபிலர் புறநானூற்றின் 117ஆம் பாட்டில் சனியை மைம்மீன் என்கிறார். கறுப்பு மீன். தொலைநோக்கியில் சனி கறுப்பே இல்லை, சந்தனத்தை நீர்க்கக் கரைத்த நிறம். கடையில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்த பெரியவர் ஒருவர், “சனி பகவான் கருப்பால்ல இருக்கணும், நீ என்ன மஞ்சளா போட்டு வச்சிருக்க?” என்று கோபித்துக்கொண்டார். பெயரும் பயமும் பரம்பரையாக வந்தவை. அவரை மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார். பிறகு, “எளச்சுப்போய்த்தான் இருக்காரு” என்றார். நான் நிறத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் கண்ணும் வெளிச்சமும் நேராகப் பேசிக்கொண்டன. அந்த வெளிச்சம் சனியிலிருந்து புறப்பட்டு எண்பது நிமிடம் பயணம் செய்து வந்தது. நடுவில் நான் கையை வைக்காமல் இருப்பதுதான் அதற்குச் செய்கிற மரியாதை.

பள்ளிக்குத் திரும்பப் போனேனா என்று கேட்பீர்கள். போனேன், ஆனால் உடனே போகவில்லை. அந்த அம்மா வந்துபோன பிறகுதான் போனேன். அக்டோபர் சனியை, வெட்டுப்பட்ட வளையத்தோடு, உள்ளது உள்ளபடி ஃப்ளெக்ஸ் போட்டு எடுத்துப்போய்ப் பழைய படத்தைக் கழற்றிவிட்டு மாட்டினேன். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. “பாதி சனியப் போயி யாருங்க பார்ப்பாங்க?” என்றார். அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆசிரியர் அறையில், இரண்டு ஆசிரியர்கள் முன்னால், சொன்னேன். “அன்னிக்கு நீ கேட்டது சரிம்மா. வெளிச்சம் செதறுறதால இல்ல. நான் ரெண்டு படத்த ஒட்டியிருந்தேன். உங்கிட்ட பொய் சொன்னேன்.”

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பயந்தேன். அவள், “தெரியும் சார்” என்றாள். “வீட்ல எலுமிச்சம்பழமும் அட்டையும் வச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் விழுந்துச்சு.”

நோட்டில் எழுதியதை என்ன செய்தாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

போன நவம்பரில், 2025ல், சனியின் வளையம் ஏறக்குறைய விளிம்பாகத் திரும்பியிருந்தது. மழைக்கு நடுவே இரண்டு நாள் வானம் திறந்தது. தெருப்பிள்ளைகள் மாடிக்கு வந்தார்கள். அவளும் வந்தாள், பன்னிரண்டாம் வகுப்பு, தம்பியைக் கூட்டிக்கொண்டு. தம்பிதான் முதலில் கண்ணை வைத்தான். உருண்டைக்கு இருபுறமும் ஊசி மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான் தெரியும்.

“வளையம் எங்க சார்? புஸ்தகத்துல பெருசா இருந்துச்சே.”

கீழே கடையில் 2021ன் படம் இருந்தது. விரிந்த வளையம், ஒரு கை இல்லாமல். கொண்டுவந்து காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவள் அவன் தோளைப் பிடித்துக் குனியவைத்தாள்.

“இருக்குதுடா. நம்ம பக்கம் திரும்பல. தெரியறத மட்டும் பாரு.”

அவன் மறுபடி கண்ணை வைத்தான். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.